பார்க்காத படத்தை எப்படித் தடுப்பது?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். டேட்டிங் செயலி ஒன்றில் அறிமுகமான பெண் சீக்கிரமே வாட்ஸ்அப்புக்கு வரச்சொல்லி, இரவில் வீடியோ காலில் வந்திருக்கிறார். மறுநாள் காலை, பதிவு செய்த வீடியோவும் அதிலிருந்து எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வந்தன. கூடவே இவருடைய இன்ஸ்டாகிராம் நண்பர்களின் பட்டியல். பணம் வராவிட்டால் அத்தனை பேருக்கும் போகுமாம். அவர் கேட்ட கேள்வி இது: "சார், அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க ஒரு தளம் இருக்கிறது, அதற்குப் படத்தைக் கொடுக்கவே வேண்டாம் என்கிறார்கள். படத்தைப் பார்க்காமல் எப்படித் தடுப்பார்கள்? இதுவும் ஏமாற்று வேலைதானா?"

ஏமாற்று வேலை இல்லை. அதன் பின்னால் இருக்கும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்த கணக்குகளில் ஒன்று. அதற்குள் போகும் முன் அவசர வேலையை முடித்துவிடுவோம்.

அந்த வீடியோ காலில் வந்தவர் பெரும்பாலும் அங்கே இருந்திருக்கவே மாட்டார். ஏற்கெனவே எடுத்த ஒரு பெண்ணின் வீடியோவை இன்னொரு திரையில் ஓடவிட்டு, அதைக் கேமராவுக்குக் காட்டுவது பழைய உத்தி. திரை முழுவதும் பதிவாகிக்கொண்டிருக்கும். நீங்கள் சட்டையைக்கூடக் கழற்ற வேண்டாம். ஒரு மூலையில் உங்கள் முகமும் மறுபக்கம் அந்த வீடியோவும் ஒரே ஃபிரேமில் இருந்தாலே மிரட்டுகிறவனுக்குப் போதும். அடுத்த கட்டத்தில் "சிபிஐ அதிகாரி", "யூடியூப் அதிகாரி" என்று ஒருவர் கூப்பிட்டு, வீடியோவை நீக்க இவ்வளவு ஆகும் என்பார். அப்படிக் கட்டணம் வாங்கி வீடியோ நீக்கும் அதிகாரி எந்தத் துறையிலும் இல்லை.

ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்கள் பழகும் செயலிகளில் இன்னொரு விதம் நடக்கிறது. நேரில் வரச்சொல்லி, மடக்கி, பணத்தையும் போனையும் பிடுங்கிக்கொண்டு, "போலீஸில் சொல்வோம், வீட்டில் சொல்வோம்" என்பார்கள். முதல் மிரட்டலில் சரக்கு இல்லை. வயதுவந்த இருவர் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே சொல்லிவிட்டது. பணம் பறிப்பதுதான் குற்றம்; பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவு. இரண்டாவது மிரட்டலுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், அதை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். செயலியை விட்டு வெளியே வரச்சொல்லும் அவசரம் முதல் அறிகுறி. செயலிக்குள் இருந்தால் புகார் செய்யலாம், கணக்கை முடக்கலாம். வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டால் அந்தப் பிடி போய்விடும். பழகிய சில நாளில் கிரிப்டோ முதலீடு பற்றிப் பேச்சு வந்தால் அது காதல் இல்லை, வியாபாரம். முகப்புப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். வேறு பெயரில் வேறு ஊரில் அதே முகம் கிடைப்பது உண்டு. கிடைக்கவில்லை என்பதற்காக நம்பியும் விடாதீர்கள், செயற்கை நுண்ணறிவு புதிது புதிதாக முகங்களை வரைந்து கொடுக்கிறது. வீடியோ காலில் "முகத்துக்குக் குறுக்கே கையை ஆட்டு" என்று கேட்கும் சோதனையும் முன்போலப் பலிப்பதில்லை.

இவற்றைவிட முக்கியமாக நான் நினைப்பது நண்பர் பட்டியல். படம் மட்டும் இருந்தால் அவன் அதை யாருக்கு அனுப்புவான்? இன்ஸ்டாகிராம் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றி, ஃபேஸ்புக்கில் நண்பர் பட்டியலை மறைத்துவைத்தால் மிரட்டலின் பாதிப் பலம் குறைந்துவிடும். டேட்டிங் செயலியில் இன்ஸ்டாகிராம் முகவரியை எழுதி வைப்பது அந்தப் பட்டியலை நாமே தூக்கிக் கொடுப்பது.

பணம் கட்டாதீர்கள். படத்தின் நகல் எடுக்க அவனுக்குச் செலவே இல்லை என்பதால் "அழித்துவிட்டேன்" என்ற சொல்லுக்கு மதிப்பும் இல்லை. ஒருமுறை கட்டியவர் மறுமுறையும் கட்டுவார் என்பதுதான் அவனுக்குக் கிடைக்கும் தகவல். பயத்தில் உரையாடலை அழித்துவிடவும் வேண்டாம். எண், யுபிஐ முகவரி, அவன் அனுப்பிய படம் எல்லாம் சாட்சி. ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வேண்டும் என்பதால் அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

சரி, இனி கேள்விக்கு வருவோம்.

அந்தத் தளத்தின் பெயர் ஸ்டாப்என்சிஐஐ. பிரிட்டனில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் ஓர் அமைப்பு, மெட்டா நிறுவனத்துடன் சேர்ந்து 2021 டிசம்பரில் தொடங்கியது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெட்டிட், டேட்டிங் செயலியான பம்பிள் போன்றவை இதில் சேர்ந்திருக்கின்றன. நீங்கள் தளத்தைத் திறந்து உங்கள் போனில் இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் போனே அதற்கு ஒரு குறியீட்டைக் கணக்கிடும். வெளியே போவது குறியீடு மட்டும். படம் போனை விட்டு நகர்வதில்லை.

கணினி படித்தவர்கள் உடனே "ஹாஷ் தானே" என்பார்கள். ஆமாம், ஆனால் பாஸ்வேர்டுக்குப் பயன்படும் ஹாஷ் இங்கே உதவாது. அதில் படத்தின் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் குறியீடு அடியோடு மாறிவிடும். ஒருமுறை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே படம் சிறிய கோப்பாக அமுக்கப்பட்டு லட்சக்கணக்கான புள்ளிகள் லேசாக மாறுகின்றன. கண்ணுக்கு அதே படம், ஹாஷுக்கு வேறு படம். நமக்கு வேண்டியது, படம் லேசாக மாறினால் தானும் லேசாக மட்டுமே மாறுகிற குறியீடு. ஃபேஸ்புக் 2019-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட பிடிக்யூ என்ற முறை அப்படிப்பட்டது.

முதலில் படத்தின் நிறத்தை எடுத்துவிட்டு, 64-க்கு 64 கட்டங்களாகச் சுருக்குகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளிச்சம் எவ்வளவு என்று ஓர் எண். இனிதான் ரசிக்க வேண்டிய இடம். ஒரு வரிசையில் இருக்கும் 64 எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அலைகளாகப் பிரிக்கலாம். முதல் அலை மிக மெதுவானது: இடது ஓரத்தில் வெளிச்சம், வலது ஓரத்தில் இருட்டு, அவ்வளவுதான். இரண்டாவது அலையில் வெளிச்சம், இருட்டு, மறுபடி வெளிச்சம். மூன்றாவதில் கடைசியில் இன்னுமொரு இருட்டு சேரும். சராசரி வெளிச்சத்தைத் தனியே வைத்துவிட்டால் எந்த வரிசையையும் இந்த அலைகளின் கலவையாக எழுதிவிடலாம், ஒவ்வொன்றும் எத்தனை பங்கு என்பதுதான் கேள்வி. சாம்பாரை ஒரு வாய் வைத்ததும் புளி இவ்வளவு, உப்பு இவ்வளவு, பெருங்காயம் கொஞ்சம் தூக்கல் என்று பிரித்துச் சொல்லிவிடும் பெரியம்மாவின் வேலையை இங்கே கொசைன் கணக்கு செய்கிறது.

இந்தக் கணக்கை யோசித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1972-ல் இதை ஆராய அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. விஷயம் ரொம்ப எளிதாக இருக்கிறதே என்ற பொருளில் மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருந்ததாக அவரே பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். நிதி இல்லாமலே வேலையைத் தொடர்ந்து, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். இன்று உங்கள் போனில் இருக்கும் ஜேபெக் படங்கள் அத்தனையும் அந்தக் கணக்கில்தான் அமுக்கப்படுகின்றன. நம் ஊரில் ஆராய்ச்சி மானியம் கேட்டால் "சமூகப் பயன் என்ன" என்று ஒரு பத்தி எழுதச் சொல்வார்கள். மிரட்டப்படும் ஒருவர் தன் படத்தை யாருக்கும் காட்டாமல் உதவி கேட்க இது பயன்படும் என்று 1972-ல் எந்த மகானாலும் எழுதியிருக்க முடியாது. அந்தப் பத்தியை எடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

விட்ட இடத்துக்கு வருகிறேன். பிடிக்யூ, கிடைவாக்கில் மெதுவான 16 அலைகள், செங்குத்தாக 16 அலைகள் என்று எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கிடை அலையையும் ஒவ்வொரு செங்குத்து அலையோடு இணைத்தால் 256 விதமான அலை வடிவங்கள், ஆகவே 256 எண்கள். வேகமான அலைகளை, அதாவது முடி, துணியின் நெய்தல் மாதிரி நுணுக்கங்களைச் சீண்டுவதே இல்லை. வாட்ஸ்அப் படத்தை அமுக்கும்போது பெரும்பாலும் அந்த நுணுக்கங்களில்தான் கை வைக்கிறது! அது தூக்கிப் போடுவதை இது முதலிலிருந்தே பார்க்கவில்லை. அதனால் அமுக்கினாலும் குறியீடு அதிகம் அசையாது.

அடுத்து, இந்த 256 எண்களின் இடைநிலை அளவை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை, கண்டுபிடிக்கிறது. அதைவிடப் பெரிய எண்ணுக்கு 1, இல்லையென்றால் 0. முடிந்தது, இந்த 256 இலக்கங்கள்தான் குறியீடு. பள்ளிக்கூடத்தில் எதற்குப் படிக்கிறோம் என்று தெரியாமல் படித்த இடைநிலை அளவு இங்கே என்ன வேலை செய்கிறது பாருங்கள். படத்தின் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் எல்லா எண்களும் ஒரே மடங்கில் பெருகும். இடைநிலையும் அதே மடங்கில் பெருகும். மேலே இருந்தது மேலேயே, கீழே இருந்தது கீழேயே. மொத்த வெளிச்சத்தைக் கூட்டினால்? அது சராசரி வெளிச்சத்தை மட்டும் மாற்றும். பிடிக்யூ எடுக்கும் 16 அலைகளில் அந்தச் சராசரியைச் சேர்ப்பதே கிடையாது. ஃபில்டர் போட்டுத் தப்பிக்கப் பார்த்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? முதல் அலை இடது வெளிச்சம், வலது இருட்டு என்றேன். திருப்பினால் அப்படியே தலைகீழாகும், எண்ணின் குறி மட்டும் மாறும். இரண்டாவது அலை இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் மாறாது. ஒற்றைப்படை அலைகளுக்குக் குறி மாறும், இரட்டைப்படைக்கு மாறாது. ஆக, ஒரு படத்தை ஒருமுறை கணக்கிட்டுவிட்டால், அதைத் திருப்பியும் சுழற்றியும் கிடைக்கும் எட்டு வடிவங்களின் குறியீடுகளையும் படத்தை மறுபடி தொடாமலே எழுதிவிடலாம். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று நான் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை.

ஒப்பிடுவது மிக எளிது. இரண்டு குறியீடுகளையும் பக்கத்தில் வைத்து எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்று எண்ணினால் போதும். சம்பந்தமில்லாத இரண்டு படங்கள் என்றால் காசு சுண்டுவது மாதிரிதான், 256-ல் பாதி, சுமார் 128 இடங்களில் வேறுபடும். ஒரே படத்தின் நகல்கள் சில இடங்களில் மட்டும் வேறுபடும். 31 இடங்கள் அல்லது அதற்குக் கீழே என்றால் ஒரே படம் என்று கொள்வது வழக்கம். சம்பந்தமில்லாத படங்களில் இந்த எண்ணிக்கை 128-லிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதன் அளவுக்குத் திட்ட விலக்கம் என்று பெயர்; இங்கே அது 8. 128-லிருந்து 31-க்கு வர 12 திட்ட விலக்கங்கள் தாண்ட வேண்டும். தற்செயலாக அது நடக்கும் வாய்ப்பை எழுத இந்தப் பக்கம் பூஜ்யங்களால் நிறைந்துவிடும். நிஜப் படங்கள் காசு சுண்டுவதுபோல அத்தனை தற்செயலானவை அல்ல, அதனால் பொருந்தியதைத் தம் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நிறுவனங்கள் நீக்குகின்றன.

குறியீட்டிலிருந்து படத்தைத் திரும்ப எடுத்துவிட மாட்டார்களா? நியாயமான சந்தேகம். மைக்ரோசாஃப்டின் பழைய முறையான ஃபோட்டோடிஎன்ஏ-வின் குறியீட்டிலிருந்து மங்கலான ஓர் உருவத்தை மீட்க முடியும் என்று 2021-ல் செய்தே காட்டினார்கள். அந்தக் குறியீடு 144 பைட். பிடிக்யூ 32 பைட்தான், அதிலும் எண்ணின் அளவு போய் பெரிதா சிறிதா என்பது மட்டுமே மிஞ்சுகிறது. முகம் தெரிய அது போதாது என்பது என் கணிப்பு. மிரட்டுகிறவன் கையில் முழுப் படமும் இருக்கும்போது இந்த 32 பைட்டுக்குப் பயப்படத் தேவையில்லை.

ஓட்டைகள் இல்லாமல் இல்லை. படத்தைப் பெரிதாக வெட்டினால் அலைகள் எல்லாம் இடம் மாறிக் குறியீடு பொருந்தாமல் போகும். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்த தனிச் செய்திகளுக்குள் இது எட்டாது. இதில் சேராத தளங்களிலும் வேலை செய்யாது. நம் வாசகருக்கு உறுத்தப்போகும் ஓட்டை வேறு: வீடியோக்களுக்கு இந்தத் தளம் பயன்படுத்துவது எம்டி5 என்ற சாதாரண ஹாஷ். வீடியோவை ஒருமுறை அமுக்கி அனுப்பினாலே அது பொருந்தாது. அலைக் கணக்கிலேயே வீடியோவை ஒப்பிடும் முறை ஒன்றையும் ஃபேஸ்புக் 2019-ல் கூடவே வெளியிட்டது. அதைச் சாதாரண போனுக்குள் ஓடும் அளவுக்கு இளைக்கவைப்பது நம் பொறியியல் கல்லூரிகள் எடுத்துச் செய்யக்கூடிய வேலை. வீடியோ காலில் மிரட்டுவது இவ்வளவு நடக்கும் நாட்டில் இதற்குப் பணம் ஒதுக்காமல் வேறெதற்கு ஒதுக்குவது என்று எனக்குப் புரியவில்லை. போன பணத்தை மீட்கவும் மிரட்டுகிறவன் வாயைக் கட்டவும் பூஜை செய்கிறேன் என்று இந்தப் பயத்திலும் காசு பார்க்க ஆட்கள் கிளம்பியிருப்பது தனி வயிற்றெரிச்சல்.

ஆகவே கோயம்புத்தூர் நண்பரே, வீடியோவோடு வந்த அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்திருங்கள். அதைப் படமாகவே பதியுங்கள். அவன் வெட்டி அனுப்பிய வேறு படம் இருந்தால் அதையும் தனியாகப் பதியுங்கள். பதிந்ததும் ஒரு வழக்கு எண்ணும் ரகசிய எண்ணும் (PIN) தருவார்கள், அவை தொலைந்தால் மறுபடி உள்ளே போய்ப் பார்க்க முடியாது, எழுதி வையுங்கள். சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் புகார் பதியும்போது அவனுடைய எண்ணையும் யுபிஐ முகவரியையும் கொடுங்கள். படம் எங்காவது வெளியாகிவிட்டால் அந்தத் தளத்துக்கு நீங்களே நேரடியாகப் புகார் அனுப்பலாம். இத்தகைய படங்களை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே வைத்திருந்தார்கள்; 2026 பிப்ரவரியில் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். இதைப் படிக்கும் யாருடைய வீட்டிலாவது 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை மாட்டியிருந்தால், ஸ்டாப்என்சிஐஐ அவர்களுக்கானது இல்லை. அதே வேலையைச் செய்யும் டேக் இட் டவுன் என்ற தளம் தனியாக இருக்கிறது, பெயர் சொல்லாமலே பதியலாம்.