பழைய கால்குலேட்டர் வாங்குறீங்களா, மொதல்ல திருப்பிப் பாருங்க

கொழிஞ்சாம்பாறையில எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் பண்றேன். பாலக்காட்டுல இருந்தும் வருவாங்க, பொள்ளாச்சியில இருந்தும் வருவாங்க. இப்பல்லாம் பழைய ப்ரோக்ராமபிள் கால்குலேட்டர, அதாவது கணக்கோட ஸ்டெப்ப எல்லாம் போட்டு வெச்சு ஓட்டுறதைத் தேடி வாங்குற பசங்க ஜாஸ்தியாயிட்டாங்க, அதான் இதை எழுதுறேன்.

போன மாசம் வேலந்தாவளத்துத் தம்பி ஒருத்தர் எச்பி (ஹியூலட் பேக்கர்ட்) கம்பெனியோட 41சிஎக்ஸ் கால்குலேட்டர் கொண்டு வந்தாரு. ஆன்லைன்ல சிஎக்ஸுக்கு உண்டான வெலையக் குடுத்து வாங்கியிருக்காரு, "அண்ணா, டைம் மட்டும் வரமாட்டேங்குதுங்க"ன்னாரு. முன்னாடி சிஎக்ஸ்னு பளிச்சுனு இருக்கு. திருப்புனா சீரியல் நம்பர் 2118ஏ-ன்னு ஆரம்பிக்குது.

அந்தக் காலத்து எச்பி நம்பர்ல மொத ரெண்டு எண்ணோட 1960ஐக் கூட்டுனா வருஷம், அடுத்த ரெண்டு எத்தனாவது வாரம், அப்புறம் வர்ற எழுத்து எந்த நாட்டுல செஞ்சதுன்னு, ஏ-ன்னா அமெரிக்கா, எஸ்-னா சிங்கப்பூர், பி-ன்னா பிரேசில். அப்ப இது 1981, 18வது வாரம். சிஎக்ஸ் வந்ததே 1983லங்க!

ஆனா இத வெச்சு மட்டும் ஏமாத்துன்னு சொல்லிரக் கூடாது. 41ல ஸ்க்ரூ புடிக்கிற பிளாஸ்டிக் தூண் விரிஞ்சு போறது சகஜம், நல்ல எண்ணத்துலயே வேற பின்மூடி போட்டிருப்பாங்க. அதனால ஆஃப் பண்ணிட்டு மாட்யூல் (கூடுதல் வேலைக்குன்னு வெளிய இருந்து சொருகற சின்னப் பொட்டி) எல்லாத்தையும் உருவிட்டு, டைம் ஃபங்ஷனக் கூப்பிட்டுப் பாத்தேன். சிஎக்ஸுக்கு அது கூடவே பொறந்தது, மத்ததுல தனியா மாட்யூல் சொருகணும். டிஸ்ப்ளேல 'நான்எக்ஸிஸ்டென்ட்'னு, அதாவது அப்படி ஒண்ணு இல்லைன்னு வந்துச்சு. உள்ள இருக்கற போர்டு சிஎக்ஸே இல்ல. தம்பி மொகம் சுருங்கிப் போச்சு, எனக்கும் மனசு கேக்கல.

1979ல வந்த 41சி-க்கு 63 ரெஜிஸ்டர் (மெமரி இடம்), அடுத்த வருஷம் வந்த 41சிவி-க்கு 319, வெளிய பாத்தா அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். டிஸ்ப்ளே ஜன்னலோட மூலையப் பாருங்க, கூரா இருந்தா ஃபுல்நட்னு சொல்ற பழைய ரகம், வளைஞ்சிருந்தா பின்னாடி வந்த ஹாஃப்நட் ரகம். ஒண்ணோட டிஸ்ப்ளே இன்னொண்ணுக்குச் சேராது, ஸ்பேருக்குன்னு வாங்கறவங்க இதத்தான் மொதல்ல கேக்கணும்.

அதவிட முக்கியம் எச்பி 25. 1975ல வந்தது, மறுவருஷம் 25சி. அந்த 'சி' ஆஃப் பண்ணாலும் ப்ரோக்ராம் அழியாதுங்கறதுக்கு, டிஐ (டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்) கம்பெனியோட 58சி-லயும் அதே அர்த்தம்தான். செக் பண்ண, ரெண்டு மூணு ஸ்டெப் போட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, போதும். ஆனா செக் பண்றேன்னு பேட்டரி இல்லாம சார்ஜர மட்டும் தயவுசெஞ்சு சொருகிராதீங்க. சார்ஜர்ல இருந்து வர்ற வோல்டேஜ அடக்கி வெக்கறதே அந்த ரெண்டு நிக்கல் காட்மியம் செல்லுதான், அது இல்லன்னா வோல்டேஜ் ஏறி ஐசி போயிரும்.

சித்தூர் பக்கம் ரிட்டயர்டான ஒரு இன்ஜினியர் அய்யா, அணைக்கட்டு வேலைக்குக் கணக்குப் போட்ட எச்பி 25ஐப் பொட்டியோட பத்திரமா வெச்சிருந்தாரு, செல்லு மட்டும் ஒழுகிருச்சுன்னு தூக்கிப் போட்டுட்டாங்க. பேரன் ஆசையா சார்ஜர்ல போட்டிருக்கான். எங்கிட்ட வர்றப்ப ஒரு வெளக்குகூட எரியல. தெறந்து பாத்தா போர்டு புதுசு மாதிரி மினுங்குது, ஐசிதான் செத்துப் போச்சு. அதே ஐசிக்கு இன்னொரு 25 தேடிக்கிட்டு இருக்கேன், அய்யா வாரா வாரம் போன் பண்ணிக் கேக்கறாரு.