ஸ்டெப்னி என்கிற சேமச் சக்கரம்

மரக்காணம் தாண்டுவதற்குள் பின்சக்கரம் இறங்கிவிட்டது. விடியற்காலையில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதே என்று ஓரங்கட்டிப் பார்த்தால், இடது பின் டயர் தரையோடு தரையாகக் கிடக்கிறது. எங்களுடையது ஏழு பேர் உட்காரும் வண்டி. அந்த வகை வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி டிக்கிக்குள் இருக்காது. வண்டியின் வயிற்றுக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். பின்பக்கத் துளையில் கம்பியை விட்டுத் திருகினால் சங்கிலி நீண்டு சக்கரம் தரைக்கு வர வேண்டும். திருகிப் பார்த்தேன், இம்மியும் அசையவில்லை. பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து வந்த தம்பி குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

“கடக்கர ஓரத்துல நிறுத்துற வண்டியாண்ணே?”

“ஆமாம் தம்பி, பாண்டி.”

“அதான். உப்புக் காத்துல செயின் புடிச்சிக்கிச்சி. ஸ்டெப்னிய எறக்கிப் பாத்து எத்தினி வருஷம் ஆச்சி?”

வண்டி வாங்கிய நாளிலிருந்து இறக்கியதே இல்லை. டீசலை ஊற்றி ஊறவிட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் சக்கரம் கீழே வந்தது. வந்ததிலும் காற்றில்லை. காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 12 காட்டியது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் காற்றடிக்கப் போனார். நான் சாலையோரத்தில் நின்றேன். எதிரே உப்பளங்கள், பாத்தி பாத்தியாக. வரப்பில் உப்பைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில்தான் இந்தச் சொல்லைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

ஸ்டெப்னி என்றால் வண்டியில் கூடுதலாக வைத்திருக்கும் சக்கரம். இது ஓட்டுநர் முதல் பஞ்சர் கடைக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். சிலர் ஸ்டெப்பினி என்பார்கள். ஆங்கிலச் சொல்தானே என்று இங்கிலாந்துக்குப் போய்ச் சொன்னால் இன்று பலருக்குப் புரியாது. அங்கே அது ஸ்பேர் வீல். ‘ஸ்டெப்’ என்று தொடங்குவதால் வண்டியில் ஏறும் படியோடு தொடர்புடைய சொல் என்று நானே நெடுநாள் நினைத்திருந்தேன். அதுவும் தவறு. இது ஒரு தெருவின் பெயர்.

வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில் லானெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற சகோதரர்கள் 1904-ல் ஒரு பொருளை உருவாக்கினார்கள். அன்றைய கார்களில் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது எளிதல்ல. வண்டியோடு கூடுதல் சக்கரமும் வராது. குதிரை லாடத்தின் ஆணிகள் சிதறிக் கிடந்த சாலைகள் அவை. டயரில் ஆணி ஏறினால் நடுவழியில் உட்கார்ந்து டயரைப் பெயர்த்து, டியூபை எடுத்து, ஒட்டுப் போட்டு, மறுபடி காற்றடிக்க வேண்டும். மழையிலும் இதே வேலைதான். டேவிஸ் சகோதரர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத ஒரு வட்ட விளிம்பு. அதன்மேல் காற்றடைத்த டயர் தயாராக இருக்கும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே, அதன் பக்கவாட்டில் இந்த வட்டத்தை வைத்துக் கவ்விகளால் இறுக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். தெருவின் பெயரையே பொருளுக்கு வைத்தார்கள்.

பொருள் உலகம் முழுக்க விற்றது, கூடவே பெயரும் போனது. நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்றும், வனஸ்பதியை டால்டா என்றும் நாம் சொல்லிப் பழகியது போலத்தான் இதுவும். பிறகு கழற்றி மாட்டும் சக்கரங்கள் வந்தன. டேவிஸ் சகோதரர்களின் வட்டத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது, அதுவும் பிறந்த மண்ணில் அல்ல. இந்தியா முழுக்க ஸ்டெப்னி. துருக்கியில் ஸ்டெப்னே. மால்டா தீவிலும் அதே சொல். பிரேசிலில் எஸ்டெப்பி. லண்டனின் கிழக்கிலும் ஸ்டெப்னி என்றொரு பகுதி உண்டு. அதன் பழம்பெயருக்கு ‘ஸ்டிப்பா என்பவரின் படகுத்துறை’ என்று பொருள் சொல்வார்கள். ஆனால் நம் சக்கரத்துக்குப் பெயர் கொடுத்தது வேல்ஸ் தெருதான்.

புதுச்சேரிக்காரனுக்கு இதில் ஒரு தனிச் சுவை இருக்கிறது. எங்கள் ஊர்த் தெருப் பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்தே இருக்கும். பிரெஞ்சில் தெருவைக் குறிக்கும் சொல்லும் சக்கரத்தைக் குறிக்கும் சொல்லும் உயிரொலி ஒன்றில் மட்டுமே வேறுபடும். பழகாத காதுக்கு இரண்டும் ‘ரூ’ என்றே கேட்கும். தெருவே சக்கரமானதை நினைத்தால் எனக்கு அந்தப் பலகைகள்தான் கண்முன் வருகின்றன. ஸ்டெப்னிக்குப் பிரெஞ்சில் ‘ரூ த ஸ்கூர்’ என்பார்கள். ஆபத்துக்கு உதவும் சக்கரம் என்று பொருள். பெயரிலேயே வேலையும் இருக்கிறது. ஸ்டெப்னி என்ற ஒலி அப்படி எதையும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மணமான ஆணோடு உறவில் இருக்கும் பெண்ணை ஸ்டெப்னி என்று சொல்லும் வழக்கு நம்மிடையே இருக்கிறது. ஒரு பெண்ணை வண்டிச் சாமானாக்கும் இழிவான பேச்சு அது. அதைப் புழக்கத்திலிருந்து நாமேதான் விலக்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? உதிரிச் சக்கரம் என்கிறார்கள். உதிரி பாகம் என்ற சொல் ஊன்றிவிட்டதால் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் உதிரி என்பது உதிர்ந்தது, கோக்கப்படாதது. உதிரிப் பூ என்றால் கட்டாத பூ. ஓடுகிற வண்டியோடு ‘உதிரிச் சக்கரம்’ என்று சொல்லவே எனக்கு நா கூசுகிறது. உபரிச் சக்கரம் என்றால் தேவைக்கு மிஞ்சியது என்றாகிவிடும். ஸ்டெப்னி தேவைக்கு மிஞ்சிய பொருள் அல்லவே. மாற்றுச் சக்கரம் நல்ல சொல். வெளியூர் போகும்போது மாற்றுத்துணி எடுத்து வைக்கிறோம், வீட்டுக்கு மாற்றுச்சாவி வைத்திருக்கிறோம். கேட்டவுடன் புரியும், பேச்சிலும் உருளும். வேறொரு சொல் கிடைக்காதிருந்தால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஆனால் கிடைத்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள சொல். புறநானூற்றின் 102-ஆம் பாட்டு, ஔவையார் பாடியது. உப்பு விற்கும் உமணர்கள் வண்டி கட்டிப் புறப்படுகிறார்கள். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, போகிற வழியில் என்ன நேருமென்று யாருக்குத் தெரியும்? இப்படி எண்ணி,

உமணர்
கீழ்மரத்து யாத்த சேமஅச் சன்ன

என்று போகிறது பாட்டு. வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஓடும் அச்சு முறிந்தால் இது கைகொடுக்கும். அதன் பெயர் சேம அச்சு. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவையார். தந்தை தாங்கும் அச்சு, மகன் அடியில் காத்திருக்கும் அச்சு என்று நான் படிக்கிறேன்.

‘கீழ்மரத்து யாத்த’ என்றால் அடிமரத்தில் கட்டிய. என் வண்டியின் அடியிலும் அப்படித்தான் சக்கரம் கட்டிக் கிடந்தது. உமணர்கள் ஏற்றிய பாரம் உப்பு, என் சங்கிலியைப் பிடித்துக்கொண்டதும் உப்பு. மரக்காணத்து உப்புக் குவியல்களைப் பார்த்தபடி இந்த வரியை நினைத்துக்கொண்டபோது உடம்பு சிலிர்த்தது.

சேமம் என்றால் காவல், நலம், பத்திரம். வடமொழி க்ஷேமத்தின் தமிழ் வடிவம் என்று அகராதி சொல்லும், தமிழின் ‘ஏமம்’ என்பதோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் சேமிப்பு, சேமநிதி என்று இன்றும் வாயில் புழங்கும் சொல். ஆகவே ஸ்டெப்னிக்குத் தமிழ் சேமச் சக்கரம். சக்கரமும் வடசொல்தானே, ஆழி என்றோ உருளி என்றோ வைக்கலாமே என்பவர்களுக்கு: திருக்குறள் தேர்ச் சக்கரத்தைக் ‘கால்’ என்றே சொல்கிறது, ‘கால்வல் நெடுந்தேர்’. ஆனால் ‘சேமக்கால்’ என்று சொன்னால் பஞ்சர் கடையில் யாருக்கும் விளங்காது. சக்கரம் தமிழில் ஊறிப்போன சொல், அது இருக்கட்டும்.

உதிரி, உபரி, மாற்று என்ற எதிலும் இல்லாத ஒன்று சேமத்தில் இருக்கிறது. அது காக்கும் பொருள், அதனாலேயே காக்கப்பட வேண்டிய பொருளும்கூட. நான்கு சக்கரங்களுக்கும் காற்றுப் பிடிக்கும்போது ஐந்தாவதை விட்டுவிடுவதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்யும் பிழை. சும்மா கிடந்தாலும் டயரிலிருந்து காற்று மெல்ல மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் இருக்கும். சேமச் சக்கரத்தில் அதைவிட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டி வையுங்கள், மாட்டும் நாளில் குறைத்துக்கொள்ளலாம். வயதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஓடாத டயர் தேயாது, ஆனால் ரப்பர் கிழடாகும், வெடிப்பு விடும். சில வண்டிகளில் சேமச் சக்கரம் மற்றவற்றைவிட ஒல்லியாக இருக்கும். அது பஞ்சர் கடை வரை போய்ச் சேர்வதற்குத்தான். 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள் என்று பெரும்பாலும் அதன்மேலேயே எழுதியிருக்கும்.

மாட்டும் முறையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கைபிரேக் போட்டு, கியரில் விட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகு, ஜாக்கியில் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பின் முயன்றால் சக்கரம்தான் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து சரியவும் கூடும். மாட்டும்போது எதிரெதிர் நட்டாக இறுக்கி, வண்டியை இறக்கியபின் மீண்டும் ஒருமுறை அழுத்தி இறுக்க வேண்டும்.

கடலூர், புதுச்சேரி கரையோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. அடியில் தொங்கும் சக்கரமாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அதைத் தரைக்கு இறக்குங்கள். சங்கிலியையும் அதைச் சுற்றும் கருவியையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து கிரீஸ் தடவி ஏற்றுங்கள். அன்று அந்தத் தம்பி எனக்குச் செய்துகொடுத்துக் கற்றுத்தந்தது இதுதான்.

சேமச் சக்கரமே இல்லாத புது வண்டிகளும் வரத் தொடங்கிவிட்டன. டியூப் இல்லாத டயர், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் அடைக்கும் பொருள்கள் ஆகியவை இருந்தால் சிறு பயணிகள் வண்டிகளுக்குக் கூடுதல் சக்கரம் கட்டாயமில்லை என்று 2020-ல் மைய அரசு விதியைத் திருத்தியது. அந்த வண்டிகளில் ஒரு சிறு காற்றுப் பம்பும், டயருக்குள் ஊற்றும் பசைப் புட்டியும் வைத்துத் தருகிறார்கள். தரைபடும் பகுதியில் ஏறிய ஆணித்துளையை அது அடைக்கும். டயரின் பக்கவாட்டுக் கிழிசலுக்கு அது உதவாது. அதையும் சேமம் என்ற பெயரிலேயே அழைக்கலாம், சேமப் பை என்று. அந்தப் புட்டியின்மேல் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். வண்டி எடுத்த அன்றே அதைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.