டெட்லைன்: கோடா, கெடுவா?

2013 ஜனவரி 31. இங்கிலாந்தில் கால்பந்து வீரர்கள் கிளப் மாறுவதற்கான குளிர்கால 'டிரான்ஸ்ஃபர்' காலம் முடிகிற ராத்திரி. லண்டனில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப்பின் லாஃப்டஸ் ரோடு மைதானத்துக்கு வெளியே ஒரு கார் வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவர் பீட்டர் ஒடெம்விங்கி, நைஜீரியாவின் முன்கள ஆட்டக்காரர். சம்பளம் கொடுப்பது வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் என்ற வேறொரு கிளப். ஆனால் புது கிளப்பில் சேர்ந்தே விட்ட மாதிரி ஒரு களை முகத்தில். கார்க் கண்ணாடியை இறக்கி டிவிக்காரர்களிடம் பேசுகிறார்.

ஒரே ஒரு சிக்கல்தான். இரண்டு கிளப்புகளும் இன்னும் பேசி முடிக்கவில்லை. இவருக்கு மாற்றாக ரேஞ்சர்ஸிலிருந்து ஜூனியர் ஹாய்லெட் என்ற வீரர் வருவதாக ஒரு பேச்சு இருந்தது, அது படியவில்லை. மணி 11 ஆனது. கதவு சாத்தியாயிற்று. வந்த வழியே காரைத் திருப்பினார் மனிதர்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சீர்வரிசையோடு போய் நின்ற மாப்பிள்ளை கதைதான். வெஸ்ட் பிராம் அவரை வெளிப்படையாகவே கண்டித்தது. சொந்த ரசிகர்கள் கேலி செய்தார்கள். மீதி சீசனை அந்தக் கூட்டத்தின் முன்னால்தான் ஆட வேண்டியிருந்தது. அடுத்த கோடையில்தான் கார்டிஃப் சிட்டிக்குப் போனார். ஆனால் இன்றுவரை 'டிரான்ஸ்ஃபர் டெட்லைன்' என்றதும் கால்பந்து பார்க்கிறவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் காரும் இறக்கிய கண்ணாடியும்தான்.

சரி, இந்த 'டெட்லைன்' என்ற சொல்லில் 'டெட்' எங்கே வந்தது? யார் செத்தார்கள்?

நிஜமாகவே செத்திருக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம். தென்மாநிலப் படை, ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற ஊரில் 1864 பிப்ரவரியில் ஒரு போர்க்கைதி முகாமைத் திறந்தது. சுற்றிலும் உயரமான மர அரண், அதன் மேல் காவல் பரண்கள். அரணுக்கு உள்பக்கம் சுமார் 19 அடி தள்ளி, இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு மரவேலி. நட்ட கம்புகளின் மேல் சட்டம் அடித்தது, அவ்வளவுதான். ஒரு சிறுவன்கூடத் தாண்டிவிடலாம். தாண்டினால், சில நேரம் தொட்டாலே, பரணிலிருந்து குண்டு வரும். கேள்வி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. அந்த வேலிக்குப் பெயர்தான் 'டெட் லைன்'. செத்த கோடு, அல்லது சாவுக்கோடு.

முகாமுக்குள் ஒரு ஓடை ஓடியது. நெரிசலில் தண்ணீர் சாக்கடையாகிவிட்டது. வேலியை ஒட்டிய பக்கம் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருக்கும். அதை மொள்ளக் கையை நீட்டிச் சுடப்பட்டவர்கள் உண்டு. ஏறக்குறைய 45,000 பேரை அடைத்த அந்த முகாமில் 13,000 பேர் வரை இறந்தார்கள். பெரும்பாலும் பட்டினியும் நோயும்தான் காரணம், குண்டு இல்லை. ஆனாலும் போர் முடிந்து முகாமின் தலைவர் ஹென்றி விர்ஸ் மீது வழக்கு நடந்தபோது இந்தக் கோடும் பேசப்பட்டது. 1865 நவம்பர் 10 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த வழக்குச் செய்திகளோடு சொல்லும் நாடெங்கும் பரவியது.

அப்புறம் அது அச்சகத்துக்குள் நுழைகிறது. அச்சு இயந்திரத்தின் படுகையில் ஒரு எல்லைக்கோடு உண்டு. அதற்கு வெளியே அடுக்கிய எழுத்து தாளில் விழாது. அதையும் 'டெட் லைன்' என்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் இடத்தைக் குறித்த கோடு நேரத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது: இந்த மணிக்குப் பிறகு வருகிற செய்தி தாளில் ஏறாது. அச்சகக் கோடுதான் நேரக் கோடாக நீண்டதா, சிறைமுகாம் சொல்லே நேராக வந்ததா என்று வாதிடுவார்கள். எப்படி வந்தாலும், டெட்லைன் பிறந்தபோது அதற்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது தரையில் இருந்த ஒரு கோடு.

விளையாட்டுப் பக்கம் பார்த்த காலத்தில் என்னோடு வேலை செய்த ஒரு தம்பி, ஏஜென்சி செய்தியை அவசரமாகப் பெயர்த்து 'இறந்த கோட்டுக்கு முன்பாக வீரர் கையெழுத்திட்டார்' என்று அனுப்பிவிட்டான். அப்போது சிரித்தோம். பின்னால் ஆண்டர்சன்வில் கதையைப் படித்தபோது, பையன் தெரியாமலே வரலாற்றை எழுதியிருக்கிறான் என்று தோன்றியது. ஆனாலும் அது தமிழ் ஆகாது.

தமிழில் இதற்கு வெகு நாளாக ஒரு சொல் இருக்கிறது: கெடு. 'பணத்தைத் திருப்பித் தர ஒரு மாசம் கெடு வெச்சிருக்கான்' என்பார்கள். 'கெடு கொடு', 'கெடு கேள்', 'கெடு முடிந்தது' எல்லாம் புழக்கத்தில் இருப்பவை. நேரம் கெட்டுப்போகிறது, அதனால் கெடு என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. கேட்க அழகாக இருக்கிறது, நம்ப வேண்டாம். 'பால் கெட்டுவிட்டது' என்பதில் வரும் கெடுவும் இதுவும் எழுத்தில்தான் ஒன்று. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தவணைக் கெடுவைச் சொல்லும்போது பலருடைய வாயில் முதல் எழுத்து 'கங்கா'வில் வருகிற க போல ஒலிக்கும். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பொருளில் 'கடுவு' என்ற சொல் இருக்கிறது, அதே ஒலிப்போடு. நம் கெடு அந்தக் குடும்பத்துச் சொல். தமிழ் எழுத்தில் இரண்டு க-வுக்கும் ஒரே வடிவம் என்பதால் இரண்டும் ஒரே முகத்தோடு திரிகின்றன.

இந்த முகக் குழப்பத்தால் ஒரு சங்கடம் உண்டு. 'டெட்லைன் டே' என்பதைக் 'கெடு நாள்' என்று எழுதினால், படிக்கிறவர் கெட்ட நாள் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒடெம்விங்கிக்கு இரண்டுமே பொருந்தும் என்பது வேறு விஷயம். 'டிரான்ஸ்ஃபரின் கடைசி நாள்' என்றால் போதும். விண்ணப்பப் படிவத்திலிருந்து மின்கட்டணம் வரை நாம் கண்ணால் பார்க்கிற சொல் அது. 'இறுதி நாள்' என்று எழுதாமல் இருந்தால் நல்லது, அதில் வேறு வாசனை அடிக்கிறது.

கெடு, காலக்கெடு இரண்டும் ஒன்றுதானே, கெடு என்றாலே காலம்தானே, எதற்கு 'கால' என்று கேட்பவர்கள் உண்டு. இலக்கணப்படி நியாயமான கேள்வி. புழக்கம் வேறு வழியில் போயிருக்கிறது. 'அரசுக்கு 24 மணி நேரக் கெடு' என்று தலைப்பு வந்தால் அதில் ஒரு மிரட்டல் இருக்கிறது: செய்யாவிட்டால் பார்த்துக்கொள் என்பது. 'வரி கட்ட காலக்கெடு' என்றால் மிரட்டல் இல்லை, வெறும் தேதி. அதனால் டெட்லைன் என்ற பொருளுக்குக் காலக்கெடு, அல்டிமேட்டம் என்ற பொருளுக்குக் கெடு என்று பத்திரிகைத் தமிழ் தானாகவே பிரித்துக்கொண்டது. நல்ல பிரிவினை, கலைக்க வேண்டாம்.

கூடவே இரண்டு சொற்கள். 'தவணை', கடனைப் பிரித்துக் கட்டுவதற்கு. இலங்கைப் பள்ளிகளில் ஆண்டின் மூன்று பகுதிகளுக்கும் இதுவே பெயர். 'வாய்தா', கோர்ட்டில். வாயால் தருவதால் வாய்தா என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அது அரபியில் வாக்குறுதி என்று பொருள்படும் சொல் உருது வழியாக வந்தது. வாக்கு கொடுத்த நாள் என்று பொருள். நம் கோர்ட்டுகளில் அது வாக்கைத் தள்ளிப்போடுகிற நாளாக மாறிவிட்டதற்கு அரபி மொழி பொறுப்பில்லை.

இந்தச் சொற்களையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று படுகிறது. கெடுவை ஒருவர் கொடுக்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். வாய்தாவும் அப்படியே. எதிரில் எப்போதும் ஒரு ஆள் இருக்கிறார். போய்க் கெஞ்சலாம், இன்னும் ரெண்டு நாள் கேட்கலாம். நம் செய்தித்தாள்களில் 'காலக்கெடு' என்ற சொல்லுக்கு அடுத்து அதிகம் வருகிற சொல் 'நீட்டிப்பு' என்பது தற்செயல் கிடையாது. டெட்லைனில் ஆள் கிடையாது. வேலிதான் இருக்கிறது.

கால்பந்து டிரான்ஸ்ஃபரில் அந்த வேலிக்குப் பெயர் டி.எம்.எஸ். (நமக்கு டி.எம்.எஸ். என்றால் வேறொருவர். இது பாடாது.) நாடு விட்டு நாடு மாறுகிற வீரர்களின் ஆவணங்களை ஏற்றுவதற்கு ஃபிஃபா வைத்திருக்கும் கணினி அமைப்பு, 2010 முதல் கட்டாயம். இரண்டு கிளப்பும் தனித்தனியாகத் தகவல் ஏற்ற வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும், அதுவும் நேரத்துக்குள்.

2015 ஆகஸ்ட் 31 இரவு அதில் மாட்டிக்கொண்டவர் டேவிட் டி ஹேயா. மான்செஸ்டர் யுனைடெட்டின் கோல்கீப்பர், மாட்ரிட்காரர், ரியல் மாட்ரிட்டுக்குப் போக விரும்பினார். மாட்ரிட்டின் கீப்பர் கெய்லர் நவாஸ் பதிலுக்கு மான்செஸ்டர் வருவதாக ஏற்பாடு. அந்தக் கோடை முழுக்க இழுபறி. சீசன் தொடங்கியும் டி ஹேயாவை யுனைடெட் களத்தில் இறக்கவில்லை. எல்லாம் கடைசி நாளில்தான் கூடிவந்தது. ஸ்பெயினில் கதவு மூடுவது நள்ளிரவு 12 மணிக்கு. இங்கிலாந்தில் அப்போது 11. நமக்கு விடிந்தால் செப்டம்பர் 1, அதிகாலை 3.30. போனை வைத்துக்கொண்டு விழித்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

டிரான்ஸ்ஃபர் நடக்கவில்லை. ஃபேக்ஸ் மெஷின் கெட்டுவிட்டது என்று ஒரு கதை கிளம்பி உலகம் முழுக்கச் சிரித்தது. மறுநாள் இரண்டு கிளப்பும் நிமிடக் கணக்கோடு அறிக்கை விட்டன. யுனைடெட் சொன்னது: இங்கிலாந்து நேரப்படி 10.58க்கே எங்கள் பக்கத்தை ஏற்றிவிட்டோம், கணினியும் ஏற்றுக்கொண்டது, தாமதம் அங்கேதான். மாட்ரிட் சொன்னது: முழு ஆவணம் எங்களுக்குக் கிடைத்ததே 12 மணி 2 நிமிடத்துக்கு, திறக்கப்போனால் அமைப்பு மூடிக் கிடந்தது.

இந்த அறிக்கைச் சண்டையைப் படித்தபோது எனக்குக் குறுந்தொகையின் 66ஆம் பாடல்தான் ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. மழை பெய்துவிட்டது. கொன்றை கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றைக்குப் புத்தியில்லை, அவர் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை, காலம் தப்பிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நினைத்துப் பூத்துவிட்டது. கெடு தாண்டவில்லை, உன் கடிகாரம்தான் தப்பு என்கிறாள். பாட்டில் வருகிற 'கூறிய பருவம்' என்பது காலக்கெடுவின் பாட்டி என்று தாராளமாகச் சொல்லலாம். மாட்ரிட்டுக்கும் அப்படி ஒரு தோழி இருந்தாள், பத்து அம்சம் கொண்ட அறிக்கை வடிவில். கணினி கேட்கவில்லை.

விளைவுகள் விசித்திரமானவை. டி ஹேயா 11 நாளில் யுனைடெட்டோடு புது ஒப்பந்தம் போட்டார். 2023 வரை அங்கேயே இருந்தார். மாட்ரிட்டுக்குப் போகவே இல்லை. அனுப்பிவிட இருந்த நவாஸ், மாட்ரிட்டின் வலைமுன் நின்று 2016, 2017, 2018 என வரிசையாக மூன்று சாம்பியன்ஸ் லீக் வென்றார்.

ஒரு சின்ன எழுத்துக் குறிப்பு மட்டும் பாக்கி. கெடுவோடு எந்த வினையைச் சேர்ப்பது? 'டெட்லைனை மிஸ் செய்தார்' என்பதை அப்படியே பெயர்த்து 'காலக்கெடுவைத் தவறவிட்டார்' என்று எழுதுகிறார்கள். பிழை கிடையாது, ஆனால் தவறவிட்டது யார் என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. 'கெடு தவறிவிட்டது' என்று எழுதிப் பாருங்கள். காலம் தாண்டியது தெரியும், யாரால் என்பது தெரியாது. மாட்ரிட்டா மான்செஸ்டரா என்ற வழக்குக்கு இதைவிடத் தோதான வாக்கியம் கிடைக்காது.

2017இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பிலிருந்து லெஸ்டர் சிட்டிக்கு வந்த ஆட்ரியன் சில்வா விஷயத்திலும் அப்படித்தான் எழுத வேண்டும். பதிவு 14 விநாடி தாமதம் என்று செய்தி வந்தது. ஃபிஃபா ஏற்கவில்லை. 2016இல் யூரோ கோப்பை வென்ற போர்ச்சுகல் அணியின் நடுகள ஆட்டக்காரர் பழைய கிளப்பிலும் ஆட முடியாமல், புது கிளப்பிலும் ஆட முடியாமல், நான்கு மாதம் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருந்தார். 2018 ஜனவரியில்தான் லெஸ்டருக்காகக் களம் இறங்கினார். சட்டையில் எண் 14.