பாட்டி ஊட்டிய இரண்டு கரண்டிக் கஞ்சி

நான் வேலை பார்த்த மாவட்ட மருத்துவமனை, தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடக்கே இருந்தது. கரும்புத் தோட்டங்கள் முடிந்து மலைச்சரிவுக் குடியிருப்புகள் தொடங்கும் இடம். 2004-இல் அங்கே குழந்தைகள் வார்டில் சேர்ந்தேன். அந்த ஆண்டுகளில் மாகாணத்தின் அரசு கிளினிக்குகளுக்கு வந்த கர்ப்பிணிகளில் பத்துக்கு நான்கு பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. மிகைப்படுத்தவில்லை. வரிசையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு மனதில் ஓடும்.

வயிற்றுப்போக்கோடு கைக்குழந்தை வந்தால் தாயிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “என்ன பால் கொடுக்கிறீர்கள்?” என்பது. பதில் சொல்வதற்கு முன் பலருடைய கண் ஒருமுறை வாசல் பக்கம் போய்வரும். வாசலில் கோகோ உட்கார்ந்திருப்பார். சூலு மொழியில் கோகோ என்றால் பாட்டி. மருமகளுக்குத் தொற்று இருப்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. தொற்றுள்ள தாய்மார்களுக்குக் கிளினிக்கில் இலவசமாகக் கொடுத்த பால்மாவு டின் பையின் அடியில், துணிக்குள் சுருட்டி வைத்திருக்கும். அந்த டின்னை யாராவது பார்த்துவிட்டால் மிச்சத்தை ஊரே சொல்லிவிடும். அதனால் வீட்டில் எல்லார் முன்னிலும் தாய்ப்பால், ஆள் இல்லாத நேரத்தில் புட்டிப்பால். நடுவில் “பிள்ளை அழுகிறது, உன் பால் பத்தவில்லை” என்று கோகோ ஊட்டும் நீர்த்த சோளக்கஞ்சி இரண்டு கரண்டி.

தாய்ப்பால் வழியாக ஒரு குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்ற மிக ஏதுவான வழி இந்தக் கலப்படம்தான். அதை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது அதே மாகாணத்தில் நடந்த ஆராய்ச்சி.

தாய்ப்பாலில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது 1980-களிலேயே தெரிந்துவிட்டது. பணக்கார நாடுகள் உடனே முடிவெடுத்தன, தாய்ப்பால் வேண்டாம், புட்டிப்பால் கொடுங்கள் என்று. அங்கே குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும். ஆப்பிரிக்கக் கிராமத்தில் ஓடையிலிருந்து குடத்தில் சுமந்து வரும் தண்ணீர், விறகடுப்பு, காசு கொடுத்து வாங்க வேண்டிய பால்மாவு. தாய்ப்பால் கொடுத்தால் எச்.ஐ.வி., கொடுக்காவிட்டால் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும். இந்த இக்கட்டில் நின்ற தாயிடம் “நீயே முடிவு செய்துகொள்” என்று சொல்வதை நாங்கள் ஆலோசனை என்று அழைத்தோம்.

1999-இல் டர்பனிலிருந்து அன்னா கூட்சூடிஸ், ஹூசன் கூவாடியா ஆகியோரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. வைட்டமின் ஏ பற்றிய ஓர் ஆய்வுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த, எச்.ஐ.வி. உள்ள 549 தாய்மார்களின் குழந்தைகளை, என்ன ஊட்டப்பட்டது என்பதை வைத்து மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் தொற்று அளவு, தாய்ப்பாலே குடிக்காத குழந்தைகளிடம் 18.8 சதவீதம் (இவர்களுக்குக் கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தொற்றியது). தாய்ப்பாலோடு வேறு எதையாவது சேர்த்துக் குடித்தவர்களிடம் 24.1. தாய்ப்பாலை மட்டுமே குடித்தவர்களிடம் 14.6. அதுவரை உலகம் ‘தாய்ப்பால் குடித்த குழந்தை’ என்று எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு எண்ணிக்கொண்டிருந்தது. கூடைக்குள் இரண்டு வகைக் குழந்தைகள் இருந்தன என்பதை இந்த எண்கள் காட்டின.

கூவாடியாவைப் பற்றி ஒன்று. டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளியினர், மருத்துவம் படித்தது பம்பாயில். நிறவெறி ஆட்சியை எதிர்த்துக் களத்தில் நின்றவர். பின்னாளில் சொந்த அரசே எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி. அல்ல என்ற வாதத்துக்கு இடம் கொடுத்தபோது அதையும் எதிர்த்துப் பேசினார். 2023-இல் காலமானார். அங்கே பணியாற்றிய இந்திய மருத்துவர்களாகிய எங்களுக்கு அவர் எத்தனை பெரிய பலம் என்பதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

முதல் முடிவை உலகம் எளிதில் நம்பவில்லை. தாய்மார்கள் தாங்களாகத் தேர்ந்த வழிகளை ஒப்பிட்டதால் வேறு காரணங்கள் கலந்திருக்கலாம் என்றார்கள். நியாயமான சந்தேகம். அதனால் அடுத்த ஆய்வு கிராமங்களுக்கே போனது. ஒன்பது கிளினிக்குகள், பெரும்பாலும் கிராமப்புறம். அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, தாய்ப்பால் மட்டும் கொடுக்க வீடு வீடாகப் போய்த் துணை நிற்க வைத்தார்கள். 2007-இல் முடிவுகள் வந்தன. தாய்ப்பாலோடு திட உணவும் பெற்ற குழந்தைகளுக்குத் தொற்றும் ஆபத்து, தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களைவிட ஏறத்தாழ 11 மடங்கு. புட்டிப்பாலும் சேர்ந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இன்னொரு எண்ணை நான் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருந்தேன்: மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களில் 6.1 சதவீதம், மாற்றுப்பால் குடித்தவர்களில் 15.1 சதவீதம்.

ஏன் இப்படி? பிறந்த குழந்தையின் குடல் சவ்வு மிக மெல்லியது. தாய்ப்பால் அதைப் பூசி மெழுகி மூடிப் பாதுகாக்கிறது. கஞ்சி, மாட்டுப்பால், நாட்டு மருந்து என்று வேறு எது உள்ளே போனாலும் சவ்வு புண்படலாம், கிருமியும் கூடவே போகும். பாலில் இருக்கும் வைரஸுக்கு அந்தப் புண்தான் வாசல் என்று கருதப்படுகிறது. தாய்ப் பக்கத்திலும் ஒரு கேடு உண்டு. குழந்தையின் வயிறு வேறு எதனாலோ நிறைந்துவிட்டால் சரியாக உறிஞ்சிக் குடிக்காது. மார்பில் பால் கட்டும், வீங்கும், புண்ணாகும். அந்தப் பாலில் வைரஸின் அளவும் கூடும்.

இதைப் படிப்பதற்கு முன் நானும் தவறு செய்திருக்கிறேன். 2005-இல், ஓடைத் தண்ணீரை நம்பியிருந்த ஒரு தாய்க்குப் புட்டிப்பால் நல்லது என்று நான்தான் சொன்னேன். ஏற்கத்தக்கதா, செய்யக்கூடியதா, கட்டுப்படியாகுமா, தொடர முடியுமா, பாதுகாப்பானதா என்று ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும் என்பது அப்போதைய விதி. கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதிரில் டாக்டர் உட்கார்ந்து கேட்டால் யார்தான் தலையாட்டமாட்டார்கள்? நான்காம் மாதம் அந்தக் குழந்தை கால் வீங்கி, தோல் உரிந்து வந்தது. டின் தீர்ந்துவிடக் கூடாதே என்று ஒரு கரண்டி மாவை ஒரு புட்டித் தண்ணீரில் கரைத்திருக்கிறார். குழந்தைக்கு எச்.ஐ.வி. இல்லை. பதினோராம் நாள் இறந்துபோனது. அந்த வீட்டுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்த்திருந்தால் அந்த ஆலோசனையைக் கொடுத்திருக்கமாட்டேன்.

போட்ஸ்வானாவில் இதே துயரம் நாடளவில் நடந்தது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றாமல் தடுக்கும் திட்டத்தை ஆப்பிரிக்காவில் முன்னோடியாகத் தொடங்கிய நாடு அது. பால்மாவும் அரசே கொடுத்தது. 2005 இறுதியிலிருந்து 2006 தொடக்கம் வரை பெருமழை கொட்டியது, தண்ணீர் கெட்டது, வயிற்றுப்போக்கு பரவியது. இறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள். அதே 2006-இல் அந்நாட்டின் எச்.ஐ.வி. உள்ள 1,200 தாய்மார்களைக் கொண்ட ஆய்வின் முடிவும் வெளிவந்தது. ஏழு மாதத்தில் புட்டிப்பால் குழந்தைகளில் தொற்று குறைவு (5.6 சதவீதம், தாய்ப்பால் குழந்தைகளில் 9), ஆனால் இறப்பு அதிகம் (9.3 சதவீதம், தாய்ப்பால் குழந்தைகளில் 4.9). பதினெட்டு மாதத்தில் தொற்றையும் இறப்பையும் கூட்டிப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். தொற்றைத் தடுத்துவிட்டோம் என்று நாங்கள் மகிழ்ந்த இடத்திலேயே குழந்தைகளை இழந்துகொண்டிருந்தோம். ‘எச்.ஐ.வி. இல்லாமல் உயிரோடு இருக்கிறதா’ என்பதைத்தான் எண்ண வேண்டும் என்ற தெளிவு இப்படித்தான் வந்தது. சாம்பியாவின் லுசாகாவில், நான்கு மாதத்தில் தாய்ப்பாலைத் திடீரென நிறுத்திப் பார்த்தார்கள். அதிலும் பலன் இல்லை.

உண்மையான விடுதலை மருந்தால் வந்தது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுக்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2002 ஜூலையில் உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்தது நோயாளிகளே முன்னின்று நடத்திய ‘சிகிச்சைக்கான செயல் இயக்கம்’. அதற்குப் பிந்தைய பெரிய பாய்ச்சல் மலாவியிலிருந்து வந்தது. மிக ஏழை நாடு. யாருக்கு எப்போது மருந்து தொடங்க வேண்டும் என்று ரத்தத்தில் நோயெதிர்ப்பு அணுக்களை எண்ணிச் சொல்லும் இயந்திரங்கள் போதுமான அளவில் இல்லை. அதனால் 2011-இல், தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எண்ணாமலேயே வாழ்நாள் மருந்து என்று அறிவித்தது. இரண்டே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் அந்த வழிக்கு வந்தது. கூட்டு மருந்தை விடாமல் எடுக்கும் தாய், தொற்றில்லாத தாயைப் போலவே இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் பால் கொடுக்கலாம் என்று 2016-இல் வழிகாட்டுதல் வந்தது. சிகிச்சை எதுவும் இல்லாமல், தாய்ப்பாலும் குடித்தால், நூற்றில் 45 குழந்தைகள் வரை தொற்றிய நோய் இது. தென்னாப்பிரிக்காவில் 2010-இல் ஆறு வார வயதில் அது 3.5 சதவீதமாக இறங்கியிருந்தது.

இலவசப் பால்மாவு வழங்குவதை 2011 ஆகஸ்டில் தாய்ப்பாலை ஆதரிக்கும் ட்சுவானே பிரகடனத்தின் வழியாகத் தென்னாப்பிரிக்கா கைவிட்டது. எனக்கு அதில் நிம்மதி. ஆனால் பத்தாண்டுகள் டின்னைக் கையில் கொடுத்த நர்ஸே “இனி வேண்டாம்” என்றால் தாய் யாரை நம்புவாள்? “போன தடவை வேறு சொன்னீர்களே சிஸ்டர்” என்ற கேள்விக்கு வார்டில் எங்களால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை. 2003-இல் அந்நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 8 சதவீதத்தினரே தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். 2016-இல் அது 32 ஆனது.

இதைப் படிப்பவர்களில் தொற்றோடு வாழும் தாய்மார்களும் இருக்கலாம். உங்களுக்கு நான் சொல்வது இதுதான். மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள். குழந்தைக்கு எழுதிக் கொடுத்த மருந்தை, சொன்ன காலம் முடியும்வரை கொடுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம். ஏதோ ஒருநாள் வேறு எதையோ கொடுத்துவிட்டீர்கள் என்றால், பயந்துபோய்த் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நீங்கள் மருந்தில் இருக்கும்வரை தாய்ப்பால் தொடர்வதே நல்லது. மார்பில் புண், சீழ், வீக்கம் இருந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். பால் நிறுத்திய பிறகும் குழந்தைக்கு ஒரு பரிசோதனை உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். கர்ப்பத்தில் ‘இல்லை’ என்று வந்த தாய்க்குப் பால் கொடுக்கும் மாதங்களில் புதிதாகத் தொற்று வந்தால் குழந்தைக்கு ஆபத்து மிக அதிகம். அதனால் கணவரும் சோதித்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் இவற்றைக் கேட்டுத் தெளிவாகுங்கள்.

கோகோக்களை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் பிறந்த பிள்ளை நாக்கில் சேனை வைத்த பிறகுதான் தாயிடம் கொடுப்பார்கள். பாட்டியின் அன்பு அது, பகை இல்லை. எங்கள் பகுதியில் வீடு வீடாகப் போன ஓர் ஆலோசகப் பெண் இதை என்னைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். மருமகளிடம் பேசுவதற்கு முன் கோகோவிடம் போய் உட்காருவார். “இந்தப் பிள்ளை வாயில் ஆறு மாதம் யாரும் எதையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை உங்களுக்கு” என்பார். தடுக்க வேண்டியவர் என்று நாங்கள் நினைத்தவர் காவலுக்கு நின்றார். பக்கத்து வீட்டுக்காரி கிரைப் வாட்டர் பாட்டிலோடு வந்தபோது அவளை விரட்டியதை ஒரு கோகோ எங்கள் கிளினிக்கிலேயே எழுந்து நடித்துக் காட்டினார்.

2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நின்றபோது தென்னாப்பிரிக்காவில் வேலை இழந்தவர்களில் இவரைப் போன்ற பெண்கள் ஏராளம். அங்கே இன்னும் பணிபுரியும் தோழி ஒருத்தியிடம் சென்ற மாதம் பேசினேன். குழந்தையின் பத்தாவது வார எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வராத தாய்மார்களின் பெயர்களைப் பதிவேட்டில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கிறாளாம். அந்த வீடுகளுக்கு நடந்து போய்க் கேட்க இப்போது ஆள் இல்லை.