எண் பெரிதாக இருந்தால் விமானம் புதியதா?

விமானப்படையின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், மதுரையில் படைத் தேர்வுகளுக்குத் தயாராகும் இளைஞர்களுக்குப் பாடம் எடுத்து வருகிறேன். அவர்களிடையே கைமாறும் ஜெராக்ஸ் குறிப்பு ஒன்றில், அமெரிக்கப் போர் விமானங்கள் எண்களின் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டு, கடைசியில் நிற்கும் எஃப்-117 'மிக நவீனமானது' என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்த விமானம் முதலில் பறந்தது 1981இல். 2008இலேயே அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதற்கு மேலே எழுதப்பட்டிருந்த எஃப்-22, எஃப்-35 இரண்டும் அதற்குப் பின் வந்தவை. குறிப்பை எழுதியவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பெயர் சூட்டும் முறையே அவரை அந்த இடத்துக்கு அழைத்துச் செல்கிறது.

1962க்கு முன் அமெரிக்கக் கடற்படையும் விமானப்படையும் தனித்தனி முறைகளை வைத்திருந்தன. கடற்படையின் வழக்கப்படி முதல் எழுத்து பணியையும், எண் அந்த நிறுவனம் தந்த எத்தனையாவது வகை என்பதையும், கடைசி எழுத்து நிறுவனத்தையும் குறித்தன. ஆகவே கிரம்மனின் எஃப்4எஃப், வாட்டின் எஃப்4யூ, டக்ளஸின் எஃப்4டி, மெக்டானலின் எஃப்4எச் ஆகிய நான்கிலும் 'எஃப்4' வருகிறது. நான்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விமானங்கள். இவற்றில் மெக்டானலின் விமானத்தை விமானப்படை எஃப்-110 என்று அழைத்தது. ஒரே விமானத்துக்கு இரு படைகளில் இரு பெயர்கள் என்ற நிலையைத் தீர்க்க, 1962 செப்டம்பரில் முப்படைகளுக்கும் பொதுவான முறை கொண்டுவரப்பட்டு, எண்கள் மீண்டும் 1இலிருந்து தொடங்கின. எஃப்4எச் அப்போது எஃப்-4 ஆனது, டக்ளஸின் எஃப்4டி எஃப்-6 ஆனது. பின்னர் எஃப்-4இன் ஒரு வகைக்கு எஃப்-4டி என்ற பெயர் வந்தது. இடையிலுள்ள சிறுகோட்டை விட்டுவிட்டால் மெக்டானலின் விமானம் டக்ளஸின் விமானமாகிவிடும். ஜெராக்ஸ் பிரதிகளில் முதலில் அழிவதும் அந்தச் சிறுகோடுதான்.

புதிய முறையும் சீராக நடைபெறவில்லை. 13 என்ற எண் தவிர்க்கப்பட்டது, 19 விடப்பட்டது. 2001இல் கூட்டுத் தாக்குதல் விமானத் திட்டத்தில் எக்ஸ்-35 வென்றபோது, போர் விமான வரிசைப்படி எஃப்-24 வந்திருக்க வேண்டும். ஆனால் சோதனை விமானங்களுக்கான 'எக்ஸ்' வரிசையின் 35 அப்படியே ஒட்டிக்கொண்டு எஃப்-35 ஆனது. எஃப்-117 முதன்மையாகத் தரை இலக்குகளைத் தாக்கவே உருவாக்கப்பட்டது. வான்சண்டைக்கான 'எஃப்' அதற்குப் பொருந்தவே இல்லை. சில பெயர்களில் விளம்பரமும் அரசியலும் உண்டு என்பது என் கணிப்பு. குண்டுவீச்சு விமானங்களில் பி-2க்குப் பின் பி-3 வராமல் பி-21 வந்ததற்கு 21ஆம் நூற்றாண்டே காரணமாகச் சொல்லப்பட்டது. எஃப்/ஏ-18இன் 'ஈ' வகையோ முந்தைய வகையைவிட உடலிலும் இறக்கையிலும் கணிசமாகப் பெரியது. எழுத்து மட்டுமே மாறியதால், பார்ப்பவருக்கு அது வெறும் திருத்தம் போலத் தோன்றும். ரஷ்யாவின் டியு-22எம், டியு-22 இரண்டும் அதுபோலவே தனித்தனி விமானங்கள்.

நம் வீட்டிலும் இந்தக் கதை இருக்கிறது. 1963இல் சேர்ந்து 2025 செப்டம்பரில் விடைபெற்ற மிக்-21ஐ விமானப்படையில் 'டைப்' எண்களைச் சொல்லியே அழைப்போம். எஃப்எல் வகை டைப்-77, எம் வகை டைப்-96, அவற்றுக்குப் பின் வந்த பிஸ் வகை டைப்-75. இவை சோவியத் தொழிற்சாலையின் உள்வழக்கு எண்கள். காலவரிசையைக் காட்டுவதற்காகச் சூட்டப்பட்டவை அல்ல. புதிதாக வரும் பையன்கள் 96ஐக் கடைசி வகை என்றே நினைப்பார்கள். உதிரிபாகம் கேட்டு எழுதும்போது விமானத்தின் பெயரைப் பார்க்காமல் பாக எண்ணையும் வகையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று மூத்தவர்கள் கண்டிப்பாகச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். தஞ்சாவூர் தளத்தில் நிற்கும் சுகோய்-30 எம்கேஐயின் கடைசி 'ஐ'யும், அரக்கோணத்தில் நிற்கும் கடற்படைக் கண்காணிப்பு விமானமான பி-8ஐயின் 'ஐ'யும் இந்தியாவுக்கான வகையைக் குறிப்பவை. ஆனால் கடற்படையின் எம்எச்-60ஆர் ஹெலிகாப்டரில் அந்த எழுத்து கிடையாது. ஆகவே 'ஐ' இருந்தால்தான் இந்தியாவுடையது என்று மனப்பாடம் செய்வது வீண். சூலூரின் தேஜஸுக்கு எண்ணே இல்லை, மார்க்-1, மார்க்-1ஏ என்று கட்டங்கள் மட்டும் உண்டு. எச்ஜேடி-36 பயிற்சி விமானம் 2025இல் சித்தாரா என்ற பெயரை விட்டு யஷாஸ் ஆனது, எண் மாறவில்லை.

என் வகுப்பில் ஒவ்வொரு விமானத்துக்கும் நான்கு விவரங்களை எழுதச் சொல்கிறேன்: தயாரித்த நிறுவனம், முதல் பறப்பின் ஆண்டு, பெயரைச் சூட்டிய படை, வகை எழுத்து. இவற்றை நிரப்பியவர்கள் எஃப்-35ஐயும் சுகோய்-57ஐயும் எண்ணை வைத்து ஒப்பிடும் வாட்ஸ்அப் செய்திகளை எனக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய மாமாக்கள் இன்னும் நிறுத்தவில்லை.