ஜூரிஸ்ப்ரூடன்ஸ்: தமிழ்ல சட்டவியலா, நீதியியலா?

சட்டத்தைப் பத்தின கனமான புக்கு எதைத் தொட்டாலும் அட்டையிலயோ முன்னுரையிலயோ இந்த வார்த்தை வந்து நிக்கும், ஜூரிஸ்ப்ரூடன்ஸ். எந்தக் குத்தத்துக்கு எத்தனை வருஷம்னு சொல்ற புக்கு இல்ல இது. சட்டம்னாலே என்ன, அதுக்கு ஏன் கட்டுப்படணும், ரூல் எதுவும் சொல்லாத எடத்துல ஜட்ஜ் எதை வச்சு முடிவு பண்றாரு, ஒரு பொருள் 'என்னோடது'னு சொன்னா அதுக்கு உண்மையில என்ன அர்த்தம்னு அடி வரைக்கும் தோண்டுற படிப்பு.

வார்த்தை லத்தீன்ல இருந்து வந்தது. யூரிஸ்னா 'சட்டத்தோட', ப்ரூடென்ஷியான்னா விவரம், முன்யோசனை, ரெண்டும் சேர்ந்தா சட்டத்துல விவரம். ரோம்ல வழக்கை விசாரிச்சு தீர்ப்பு சொல்ற ஆள் பல சமயம் சட்டமே படிக்காத சாதாரண ஆளா இருப்பாரு, அதனால விவரம் தெரிஞ்சவங்க கிட்ட கேட்டுப்பாங்க, அந்த விவரஸ்தர்களுக்குத்தான் ப்ரூடென்டஸ்னு பேரு. அவங்கள்ல ஒருத்தரான உல்பியன், தெய்வ காரியம் மனுஷ காரியம் ரெண்டையும் அறியறது, நியாயம் எது அநியாயம் எதுன்னு தெரிஞ்ச அறிவு, அதான் ஜூரிஸ்ப்ரூடன்ஸ்னு சொன்னாரு, 533ல ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத் தொகுப்புல அது அப்படியே இருக்கு.

இப்ப தமிழுக்கு வருவோம். நீதியியல்னு சிலர் எழுதறாங்க, சட்டவியல்னு சிலர். உல்பியன் சொன்னதை மட்டும் பாத்தா நீதியியல் சரின்னுதான் தோணும். ஆனா 1832ல ஜான் ஆஸ்டின்னு ஒருத்தர் இந்தப் படிப்போட எல்லை எதுன்னு வரையறுக்கவே ஒரு புக்கு போட்டாரு. சட்டம் இருக்கிறது ஒரு விஷயம், அது நல்லதா கெட்டதாங்கிறது வேற விஷயம், ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்கன்னு அதுல அடிச்சு சொல்றாரு. பாவம், லண்டன்ல அவர் நடத்துன க்ளாஸுக்கு ஆள் வராம விட்டுட்டாரு, அவர் செத்த பிறகு மனைவி சாராதான் லெக்சரையெல்லாம் தொகுத்து வெளியிட்டாங்க. நீதியையும் சட்டத்தையும் பிரிக்கறதுக்குன்னே எழுதுன அந்த புக்குக்கு தமிழ்ல 'நீதியியல்'னு பேர் வச்சா எப்படி இருக்கும்? அநியாயமான சட்டம் சட்டமே இல்லைன்னு சொல்ற இயற்கைச் சட்டக்காரங்க வேணா சந்தோஷப்படுவாங்க. ஆக நீதியியல்னு எழுதும்போதே தெரியாம ஒரு கட்சியில சேந்துடறோம்.

அதனால என் ஓட்டு சட்டவியலுக்கு. இதுல இன்னொரு அழகும் இருக்கு, போட்டோவுக்கு நாலு பக்கமும் அடிக்கிற மரத்துக்கும் சட்டம்னுதான் பேரு. உள்ள இருக்கற படம் அழகா அசிங்கமான்னு அந்த மரத்துக்குக் கவலை இல்ல, ஆஸ்டின் பாத்திருந்தா கட்டிப் பிடிச்சிருப்பாரு. குறைன்னு பாத்தா, சட்டவியல்னா மொத்த சட்டப் படிப்பும்னு நினைச்சுக்க வாய்ப்பு இருக்கு. லீகல் தியரின்னே தலைப்பு இருந்தா சட்டக் கோட்பாடுன்னு போட்டுடலாம், 1971ல வந்த, அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸோட புக்கு மாதிரி நேரடியா நீதியைப் பத்தியே பேசுறதுக்கு நீதிக் கோட்பாடு.

ப்ரெஞ்சுல இருந்து மொழிபெயர்க்கறவங்க மட்டும் உஷாரா இருக்கணும். அங்க இதே வார்த்தைக்கு கோர்ட் தீர்ப்புகள் மூலமா உருவான சட்டம்னு அர்த்தம், அதை சட்டவியல்னு போட்டா அந்த வரியே தலைகீழாயிடும், தீர்ப்புவழிச் சட்டம்னு எழுதலாம். மெடிக்கல் ஜூரிஸ்ப்ரூடன்ஸ்ல காயம், விஷம், பிரேதப் பரிசோதனைதான் பெரும்பாலும், தத்துவம் தேடாதீங்க, அதுக்கு தடயவியல் மருத்துவம்னு நல்ல பேரு ஏற்கனவே இருக்கு.