வைன் செய்யுமிடம் வடிசாலை அல்ல

புதுக்குடியிருப்பில் இருக்கும் என் சின்னம்மா ஒரு கடதாசியை நீட்டி, “தம்பி, இவன் அங்கே சாராயமா காய்ச்சுகிறான்?” என்று கேட்டார். மகன் அவுஸ்திரேலியாவில், வைன் செய்யும் இடமொன்றில் வேலை செய்கிறான். அவனுடைய வேலைக் கடிதத்தைக் காசு கொடுத்துத் தமிழாக்கி எடுத்திருக்கிறார்கள். அதில் இப்படி ஒரு வரி: ‘குடும்பத்தால் நிறுவப்பட்ட வடிசாலை, ஒற்றைத் தோட்ட உயர்தர மதுசாரங்களை நிலையாக உற்பத்தி செய்கிறது.’ ஒரே வரியில் நான்கு பிழைகள். மற்றவற்றைப் பொறுக்கலாம், இந்த ‘வடிசாலை’யை எத்தனை தடவைதான் பார்ப்பது?

வைன் என்பது இலத்தீனின் ‘வினும்’ வழி வந்த சொல். பிழிந்த திராட்சை நொதித்து உண்டாகும் பானம், அவ்வளவுதான் பொருள். அங்கே எதையும் காய்ச்சி வடிப்பதில்லை.

பனையோடு வாழும் வன்னியில் இதை விளக்க வேண்டியிருப்பதே வருத்தம். பாளைச் சாறு சுண்ணாம்பு தடவிய முட்டியில் விழுந்தால் கருப்பணி (பதநீர்). தடவாவிட்டால் பொழுது ஏறுவதற்குள் நுரைத்துக் கள். அந்தக் கள்ளை அடுப்பேற்றி, 78 பாகை செல்சியஸில் கொதிக்கும் மதுசாரத்தை (அல்கஹோலை) ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடித்தால் சாராயம். வடிசாலை என்பது இந்தக் கடைசி வேலைக்கு உரிய இடம். திக்கம் வடிசாலை என்றால் வடக்கில் யாருக்கும் ஐயம் வராது. வைனில் மதுசாரம் பெரும்பாலும் 12 முதல் 14 வீதம். சாராயத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். வைன் கள்ளின் உறவு, சாராயத்தின் உறவு அல்ல.

‘சோறு வடிக்கிறோம், வைனையும் மண்டி நீக்கி வடிகட்டுகிறார்களே’ என்று இந்தச் சொல்லுக்கு வக்காலத்து வாங்குவோர் உண்டு. வடி என்ற வேரில் அந்தப் பொருள் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தொழிலுக்கு ஊர் முழுக்க வழங்கி நிலைத்த பெயரை, வேரைக் காட்டி வேறொரு தொழிலுக்கு ஒட்டவைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைத்துவிட்டு, பிறகு காரணம் தேடுகிறார்கள். ‘மதுபானசாலை’ என்று மாற்றுபவர்கள் இன்னும் மோசம். அது குடிக்கப் போகும் இடம்.

‘திராட்சை ரசம்’ தேவாலய வழக்கில் மதிப்போடு இருக்கிறது, அங்கே இருக்கட்டும். கடையில் பிள்ளைகள் குடிக்கும் சாற்றையும் அதே பெயரால்தான் கேட்கிறோம்.

நமக்குத் தேறல் இருக்கிறது. தேறு என்றால் தெளி. மண்டி அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். தெளிந்த கள்ளையும் அப்படித்தான் சொன்னார்கள். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனுக்கு ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்கிறார். கடல் கடந்து வந்த பானத்துக்கே பொருந்திய சொல் இன்று ஏன் பொருந்தாது? திராட்சைத் தேறல் என்போம், செய்யும் இடத்தைத் தேறற்சாலை என்போம். வைன் என்று எழுதினாலும் குறையில்லை. சாராயமாக்காமல் இருந்தால் போதும்.

‘ஒற்றைத் தோட்டம்’ என்றால், ஒற்றைப் பனை போலத் தனியே நிற்கும் தோட்டம் என்றுதான் காதில் விழும். சொல்ல வந்தது, பல தோட்டத்துப் பழங்களைக் கலக்காமல் ஒரே தோட்டத்துப் பழத்தில் செய்தது என்பது. பிரான்சின் பேர்கண்டியில் ரொமானே கொந்தி என்ற தோட்டம் சுமார் நாலரை ஏக்கர்தான்; அதன் தேறல் அந்தக் காணியின் பெயரிலேயே விலைபோகிறது. ஒரே மொட்டைக்கறுப்பன் நெல் குளத்தடி வயலில் ஒரு சுவை, மேட்டு வயலில் இன்னொரு சுவை என்று பேசுகிற நமக்கு இது அந்நியமான கருத்தா? ‘ஒரே தோட்டத்துத் தேறல்’ என்றால் போதும்.

‘நிலையாக’ என்பது இடைவிடாமல் என்றாகிவிடும். மண்ணும் நீரும் கெடாமல் செய்வதற்கு ‘நிலைபேறான’ என்ற சொல் இலங்கை அரச வழக்கிலேயே இருக்கிறது.

கடிதத்தின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன்: ‘ஒரு குடும்பத்தார் தொடங்கிய தேறற்சாலை. ஒரே தோட்டத்துத் திராட்சையில், நிலைபேறான முறையில், உயர்தரத் தேறல் செய்கிறார்கள்.’ சின்னம்மா இரண்டு முறை வாசித்தார்.

“அப்படியென்றால் அடுப்பு இல்லை” என்றார்.

“இல்லை, சின்னம்மா.”